உளவியலா, மனநல மருத்துவமா?

இளையோர் வழித்துணை: மாதந்தோறும் வரும் பகுதி



“இப்படியே நடந்துகொண்டால் உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்று பிள்ளைகளைக் கடிந்து சொல்லாத வீடு இந்நகரில் அரிது. சென்னையில் வாழும் நம் உறவினர் கீழ்ப்பாக்கம் என்பார்கள். கோழிக்கோட்டார் குதிரவட்டம் என்பார்கள். மூன்றும் நல்ல ஊர்ப் பெயர்களே. மனநோயுற்றோரைப் பேணும் அரசு மருத்துவமனைகள் அங்கே அமைந்த ஒரே காரணத்தால் அவை வசைச் சொற்களாகிவிட்டன. நாமும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அச்சிரிப்பு நின்றுபோவது, நம் வீட்டிலேயே ஒருவருக்கு அந்நோய் வரும் நாளில்தான்.

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிகம் செய்யும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டிற்கு வந்தார். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பம் அவருடையது. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள்.

“அண்ணாச்சி, இவளை டாக்டராக்க வேண்டும் என்பது என் ஆசை. இவளோ உளவியல் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். ‘மனத்தைப் பற்றித்தான் படிக்க வேண்டுமென்றால் அதற்கும் டாக்டர் இருக்கிறாரே, அதைப் படி’ என்றேன். இவள் அம்மாவுக்கோ இரண்டுமே பிடிக்கவில்லை. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணை யார் கட்டுவார்கள்?’ என்று அழுகிறாள். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்றார் நண்பர்.

மகள் வாய் திறக்கவில்லை. கடையிலிருந்து அழைப்பு வந்து, தந்தையார் தொலைபேசியுடன் வெளித்திண்ணைக்குச் சென்ற பிறகே பேசினாள்.

“தாத்தா, மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. எந்நேரமும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா மனநல டாக்டரிடம் அழைத்துப் போனபோது நானும் போனேன். அத்தைக்குச் சந்தையில் காய்கறி வாங்குமளவுக்கு மலையாளம் வரும். மனத்தில் இருப்பதைச் சொல்லுமளவுக்கு வராது. நான் பள்ளியில் மலையாளம் படிக்கிறவள். அதனால் நான்தான் நடுவில் நின்று சொன்னேன். ‘ராத்திரி முழுக்க மண்டைக்குள்ளே வண்டு குடையுது’ என்றார்கள் அத்தை. நான் அதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். வண்டின் சத்தம் கேட்கிறதா, வேறு யாருடைய குரலும் கேட்கிறதா என்றெல்லாம் கேட்டார். அத்தை பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. அத்தை சொன்னது கவலையை. நான் சொன்னது வண்டை.”

அடுத்த முறை சென்றபோது அவளே அத்தவற்றை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னாளாம். அவரும் பொறுமையாகக் கேட்டு, முதலிலிருந்து மீண்டும் விசாரித்து, மருந்தை மாற்றினாராம். சில வாரங்கள் கழித்து ஓர் உளவியலறிஞரிடமும் அனுப்பினாராம். இப்போது அந்த அம்மையார் நலமாக இருக்கிறார்.

“அத்தை யாரால் தேறினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, தாத்தா. அது தெரிந்தால் நான் என்ன படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்” என்று முடித்தாள்.

பதினைந்து வயதுப் பெண்ணின் கேள்வி இது. உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இத்துறைகளில் உள்ளவர் சிலரோடு பேசியும், நூல்கள் சிலவற்றைப் படித்தும் நான் தெளிந்ததை இம்மாதம் இங்கே எழுதுகிறேன். இதே ஐயம் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும்.

வெவ்வேறு வீட்டில் பிறந்த இருவர்

உளவியல் தத்துவத்தின் மகள். மனநல மருத்துவம் மருத்துவத்தின் மகள். இந்த ஒன்றை உணர்ந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார் என்பதை நாம் அறிவோம். அவர் காலத்தில் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி தத்துவத்தின் ஒரு கிளையாகவே கற்பிக்கப்பட்டது. 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்த பின்னரே அது தனிக்குடித்தனம் போகத் தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-லும், மைசூரில் 1924-லும், சென்னையில் 1943-லும் உளவியலுக்குத் தனித் துறைகள் தோன்றின. இன்று நம் நகரின் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இருக்கிறது. வழுதக்காட்டு அரசு மகளிர் கல்லூரியிலும் அப்பாடம் கற்பிக்கப்படுகிறது.

மனநல மருத்துவம் வந்த வழி வேறு. 1870-ஆம் ஆண்டில், ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் இங்கே தொடங்கப்பட்டது. பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில் இன்று மனநல மையம் என்ற பெயரோடு விளங்குவது அதுவே. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை 1871-இல் அங்கே அமைந்தது. அக்காலத்தில் அவற்றில் மருந்து குறைவு, மதிலே மிகுதி. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் லித்தியம் என்னும் உப்பின் பயனைக் கண்டதும், 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்கு வழங்கப்பட்டதும் அந்நிலையை மாற்றின. ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர் பலர் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது.

இரு குடும்பங்களும் பகைத்து வாழவில்லை. கொள்வினை கொடுப்பினை உண்டு. வங்காளத்துக் கிரீந்திரசேகர போஸ் 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மீண்டும் மாணவராகி, 1917-இல் கல்கத்தாவில் உளவியலில் எம்.ஏ. தேறினார், 1921-இல் அத்துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்டுக்கும் இவருக்கும் நெடுங்காலம் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1931-இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டி அக்கழகத்தார் ஒரு பரிசு அனுப்பினார்கள். அஃது அனந்தன்மேல் அமர்ந்த திருமாலின் தந்தச் சிலை. நம் திருவிதாங்கூர்க் கைவேலை. பத்மநாபன் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதன்றோ?

மருத்துவர் உளவியல் கற்றதற்கு போஸ் சான்று. இக்காலத்தில் உளவியலறிஞர் பெரிதும் கையாளும் சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு அடிகோலிய அமெரிக்கரான ஆரன் பெக்கோ ஒரு மனநல மருத்துவர். ஆகவே, எது உயர்ந்தது என்ற வினாவை முதலிலேயே விட்டுவிடலாம். எவ்வேலை எவ்வாறானது என்பதே கேட்கத்தக்கது.

நாள்தோறும் செய்யும் வேலை

இரண்டு காட்சிகளை எண்ணிப் பாருங்கள்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. எதிலும் ஊக்கமில்லை, எந்நேரமும் சோர்வு, உடல் பருக்கிறது, மறதி மிகுகிறது, அழுகை வருகிறது. மாமியார் கொடுமையோ, மகனைப் பற்றிய கவலையோ என்று வீட்டார் ஆராய்கிறார்கள். மருத்துவர் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறார். தைராய்டுச் சுரப்பி போதிய அளவு வேலை செய்யவில்லை என்று தெரிகிறது. அதற்குரிய மாத்திரையால் மனமும் மெல்லத் தெளிகிறது. இங்கே உடலை அறிந்த மருத்துவரின் கண் தேவைப்பட்டது. மனநல மருத்துவர் முதலில் மருத்துவர். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பில் பிரசவ அறையிலும் அறுவை அரங்கிலும் நின்று பழகியவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கே உண்டு. லித்தியம் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவைக் கண்காணிக்க வேண்டும்; ஒரு மருந்து மற்றொன்றோடு மோதுமா என்று பார்க்க வேண்டும்; நள்ளிரவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரைத் தூக்கி வந்தால் எழுந்து ஓட வேண்டும். அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒருவருக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களாகவே அமைந்துவிடுவதும் உண்டு.

மற்றொரு காட்சி. எட்டு வயதுச் சிறுவன். பேச்சில் கெட்டிக்காரன், கணக்கை வாயாலேயே போடுவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ எழுத்துகள் அவன் கண்முன் குழம்புகின்றன. வீட்டில் அடி, பள்ளியில் பெஞ்சின்மேல் நிற்கும் தண்டனை. இவனுக்கு எந்த மருந்தும் வேண்டியதில்லை. உளவியலறிஞர் சோதனைகள் வைத்து, அறிவு குறையவில்லை, எழுத்தை ஒலியோடு இணைக்கும் திறனில் மட்டுமே இடர் இருக்கிறது என்று கண்டு சொல்கிறார். பிறகு சிறப்பாசிரியர் வேறு முறையில் கற்பிக்கிறார். அடி நிற்கிறது; பிள்ளை தலைநிமிர்கிறான். சோதித்தறிதல், கேட்டறிதல், பழக்கத்தை மாற்றப் பயிற்றுதல் ஆகியவையே உளவியலறிஞரின் கருவிகள். ஒருவரோடு முக்கால் மணி, ஒரு மணி நேரம் அமர்ந்து, வாரந்தோறும் மாதக்கணக்கில் தொடர்ந்து உழைப்பார். அச்சத்தினால் பேருந்தில் ஏற மாட்டாதவரைப் படிப்படியாக ஏறச் செய்வார். நூறுமுறை கை கழுவுபவரை அப்பிடியிலிருந்து விடுவிப்பார்.

உளவியல் நோயோடு நின்றுவிடும் துறையுமன்று. பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் படைக்கு ஆளெடுக்கும் வாரியங்களிலும் விளையாட்டுக் குழுக்களிலும் அதற்கு இடமுண்டு. நோயுற்றாரிடையே பணிபுரியும் பிரிவுக்கு மருத்துவ உளவியல் என்று பெயர். நம் பெண் விரும்பியது அதனையே.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். அத்தை யாரால் தேறினார்? உறக்கமும் பசியும் அற்று, சுவரைப் பார்த்துக் கிடந்தவரிடம் எத்தனை நல்ல சொல்லைச் சொன்னாலும் ஏறாது. மருந்து அவரை எழுந்து உட்காரச் செய்தது. எழுந்து உட்கார்ந்தவருக்குக் கவலையைக் கையாளும் வழியை உளவியலறிஞர் கற்பித்தார். மனச்சோர்வு கடுமையாக உள்ளவர் பலருக்கு இரண்டும் சேர்ந்தே மிகுந்த நன்மை செய்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. இவ்விருவர்க்கும் முன்னே மூன்றாமவர் ஒருவர் இருந்தார். தன் தவற்றைத் தானே உணர்ந்து, “அது வண்டன்று, கவலை” என்று திருத்திச் சொன்ன சிறுமியே அவர்.

படிப்பும் காலமும்

பெற்றோர் பலர் உளவியலைக் குறுகிய வழி என்று எண்ணுகிறார்கள். உண்மை அவ்வாறில்லை.

மனநல மருத்துவராக விரும்புவோர் மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்தல் வேண்டும். நீட் தேர்வு எழுதி எம்.பி.பி.எஸ். சேர வேண்டும், உள்ளுறைப் பயிற்சியோடு அது ஐந்தரை ஆண்டு. அதன்பின் மற்றொரு நுழைவுத் தேர்வு. மனநல மருத்துவத்தில் எம்.டி. மூன்றாண்டு. ஆக, எட்டரை ஆண்டுகள். நம் நகரத்து மருத்துவக் கல்லூரியிலும், சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் அம்மேற்படிப்பு உண்டு.

உளவியலுக்கு மேல்நிலை வகுப்பில் பெரும்பாலும் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் செல்லலாம். கேரளத்தில் சில மேல்நிலைப் பள்ளிகளில் உளவியலே ஒரு பாடமாகவும் இருக்கிறது. கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை வந்துள்ளது. மூன்றாண்டோடு வெளியேறவும் இடமுண்டு. பின்பு முதுகலை. அதோடு நின்றால் ஆசிரியப் பணிக்கோ, ஆய்வுக்கோ, பள்ளி ஆலோசகர் போன்ற வேலைகளுக்கோ முயலலாம். நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவ உளவியலறிஞர் ஆவதற்கு அது போதாது. இந்தியப் புனர்வாழ்வு மன்றம் ஒப்புக்கொண்ட தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்து, அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நெடுங்காலமாக அப்படிப்பு இரண்டாண்டு எம்.பில். ஆக இருந்து வந்தது. பெங்களூரு, ராஞ்சி, கோழிக்கோடு முதலிய இடங்களில் பலர் அவ்வாறே பயின்றார்கள். எம்.பில். பட்டமே கைவிடப்பட்டு வரும் நிலையில், அம்மன்றம் புதிய பட்டப்படிப்புகளை வகுத்திருக்கிறது. ஆகவே சேரும் ஆண்டில், சேரப்போகும் படிப்பு அம்மன்றத்தின் பட்டியலில் உள்ளதா என்று பெற்றோரே நேரில் பார்த்தறிவது கடமை. கூட்டிப் பார்த்தால் இவ்வழியும் ஏறக்குறைய ஏழாண்டு ஆகும்.

மூன்று எச்சரிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஆறு வாரத்தில் ஆலோசகர், மூன்று மாதத்தில் மனநல நிபுணர் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். சுவரில் மாட்டச் சான்றிதழ் கிடைக்கும். நோயுற்றாரிடம் பணியாற்றும் தகுதி அதனால் கிடைக்காது. வீட்டிலிருந்தே அஞ்சல்வழி படிக்கலாம் என்று எண்ணுவோரும் கவனிக்க. 2025-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, தொலைநிலைக் கல்வி வழியாக உளவியலில் புதிதாகச் சேர்க்கை நடத்துவதை நிறுத்துமாறு பணித்துவிட்டது.

இரண்டாவது, நீட் தேர்வில் இடம் கிடைக்காதவர்க்கு ஆறுதல் பரிசாக உளவியலை எண்ணாதீர்கள். மனமுடைந்து எதிரே வந்து அமர்பவருக்கு, மனமில்லாமல் அமர்ந்திருப்பவர் என்ன செய்ய முடியும்? பிள்ளையை ஆண்டுக்காண்டு பயிற்சி நிலையத்தில் அடைத்து வைத்துவிட்டு, முடிவில் “சரி, உளவியலாவது படி” என்பது அப்பிள்ளைக்கும் தீங்கு. அவனை நாடி வருபவர்க்கும் தீங்கு.

மூன்றாவது, கடன்பட்டு வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவோர், திரும்பி வந்தபின் இங்கே தொழில் செய்யத் தகுதித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்பதை மறவாதீர்கள். மனநல மருத்துவம் அதற்கும் அப்பால் உள்ள மேற்படிப்பு.

இவ்விரு வழிகளே அல்லாமல், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் என்னும் வேறு இரு வழிகளும் உண்டு. நோயாளியின் வீட்டுப்படி ஏறி, அவருக்கு மீண்டும் ஒரு வேலை தேடித் தருவது வரை செய்பவர் சமூகப் பணியாளர். அவ்வழிகளையும் தாழ்வாக எண்ணுதல் கூடாது.

தாயின் அச்சம்

நண்பரின் மனைவியார் அழுவதை நான் எள்ளி நகையாட மாட்டேன். அவர் பயந்தது மகளின் வேலையைப் பற்றி மட்டுமன்று. அவ்வேலையைச் சொன்னால் நாத்தனாரின் நோயும் வெளிப்பட்டுவிடுமே என்பதுதான் அடியில் இருந்த பயம். சம்பந்தம் பேசுகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று மூன்று ஆண்டுகளாக அந்த மாத்திரைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கின்றன. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இப்பயம் இரட்டிப்பு. சொந்த ஊரில் நமக்கென்று பேச நாலு பேர் இருப்பார்கள். இங்கே ஒரு சொல் பரவினால் அதுவே நம் முகவரி ஆகிவிடும் என்று நடுங்குகிறோம்.

மறைப்பதனால் என்ன விளையும் என்பதற்குத் தமிழகம் கண்ட கொடிய சான்று ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓரிடத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டு வந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்ற வீட்டாரே. வேறு எங்கே செல்வது என்று அறியாதவர்களும், வெளியே சொல்ல அஞ்சியவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

அறியாமைக்குக் காரணம் ஆள் பற்றாக்குறையும்தான். 2015-16-ஆம் ஆண்டில் கேரளமும் தமிழ்நாடும் உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்வதாக அது கண்டது. நோய்க்கேற்ப, அவர்களுள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற கணக்கும் எட்டவில்லை. உளவியலறிஞர் நிலையும் ஏறக்குறைய அதுவே. இவ்விரு தொழிலுக்கும் வேலை இராது என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவர்க்கும் உரிமையாக்கியது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் விதித்தது.

இத்துறையில் பெண் செல்லலாமா என்று கேட்போருக்கு டாக்டர் சாரதா மேனன் விடையாக நிற்கிறார். 1923-இல் மங்களூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்து, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்றார். கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தினார். மருந்தினால் தெளிந்தவர்கள் போக இடமும் செய்ய வேலையும் இன்றித் தவிப்பதைக் கண்டு, ஓய்வு பெற்ற பின் 1984-இல் ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2021-இல் மறைந்தார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ்நாட்டில் தமிழ் நோயாளிகளுக்காக வாழ்நாளைக் கொடுத்தார். அக்கடனைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண் மலையாள மண்ணில் திருப்பிச் செலுத்தினால் அஃது எத்துணை அழகு!

தாய்மொழியின் பயன்

கை முறிந்தால் எம்மொழிக்காரர் பார்த்தாலும் எலும்பு சேரும். மனம் முறிந்தால் அவ்வாறில்லை. மனத்தைச் சோதிக்கும் ஒளிப்படம் நோயாளியின் சொல்லேயாகும். அச்சொல் தாய்மொழியில்தான் முழுதாக வரும். நம் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்து மலையாளத்தில் பேரம் பேசுவார்கள், வழக்காடுவார்கள். கணவனை இழந்த துயரை மட்டும் ஒப்பாரியாகத் தமிழில்தான் சொல்வார்கள். இரு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றுவதே ஆபத்து. வண்டு இரண்டிலும் வண்டுதான். ஆனால் நாம் ‘குடைதல்’ என்பது துளைத்தல். மலையாளத்தில் அது உதறுதல். சொல் ஒன்றுபோல் ஒலிக்க, பொருள் கைநழுவிப் போகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் இயல்பாக வாய்த்திருக்கின்றன. வேறு துறைகளில் அது ஒரு வசதி. இந்த இரு துறைகளில் அது ஒரு கருவி. அரசும் இதனை உணர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியில் 14416 என்ற எண்ணை அழைத்தால், தமிழ் உள்ளிட்ட மொழிகளுள் வேண்டியதைத் தேர்ந்துகொண்டு பேசலாம், கட்டணமில்லை. இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வையுங்கள்.

நான் சொன்ன யோசனை

சென்ற ஞாயிறன்று நண்பர் வீட்டிற்குச் சென்று, அவளிடம் இவ்வாறு சொன்னேன்:

“அம்மா, இன்றைக்கே நீ முடிவு செய்ய வேண்டியதில்லை. இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கதவையும் அடைத்துவிடாதே. உயிரியல் எடுத்துப் படித்தால் உளவியலுக்கும் போகலாம், மருத்துவத்துக்கும் போகலாம். உயிரியலை விட்டுவிட்டால் மருத்துவத்துக்குப் போவது கடினமாகிவிடும். இந்த இரண்டு வருஷமும் உன்னை நீயே சோதித்துப் பார். உடம்பின் உள்ளமைப்பைப் படிப்பது உனக்கு இன்பமாக இருக்கிறதா? இரத்தத்தையும் இரவுக் கண்விழிப்பையும் தாங்குவாயா? அப்படியானால் மருத்துவம் படி. ஒருவர் ஒரே துயரத்தைப் பத்தாம் முறை சொல்லும்போதும் இடைமறித்துப் புத்தி சொல்லாமல் உன்னால் கேட்க முடிகிறதா? மனிதர் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்ற கேள்வி உன்னை விடாமல் பற்றுகிறதா? அப்படியானால் உளவியல் படி. உயிரியல் உனக்கு முற்றிலும் கசந்தால், அப்பாவுக்காக அதைச் சுமக்க வேண்டாம். உளவியல் வழி நேராகவே திறந்திருக்கிறது.”

“மார்க்கு குறைந்து மருத்துவ இடம் கிடைக்காவிட்டால்?” என்று கேட்டார் தந்தை.

“ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை எழுதட்டும். அதற்கு மேல் அவள் வயதைச் செலவிடாதீர்கள். உளவியலுக்குப் போனாலும் அவள் தோற்றுப் போனவளாகப் போகக்கூடாது. விரும்பிப் போனவளாகப் போக வேண்டும். அது உங்கள் வாயிலிருந்து வரும் சொல்லைப் பொறுத்தது” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. உள்ளே அவருடைய அக்காள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்துக் கடைக்காரர் ஏதோ கணக்குக் கேட்க வந்து, “என்ன, டாக்டர் படிப்பா?” என்று பெண்ணைப் பார்த்து வினவினார். நண்பர் ஒரு கணம் தயங்கினார். பின்பு, “மனநோய்க்குப் பார்க்கிற படிப்பு. எங்கள் அக்காளுக்கு அந்த வைத்தியத்தில்தான் குணமாயிற்று” என்று சொன்னார்.

முறத்தின் ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கியது. வந்தவர் கணக்கை மறந்துவிட்டு, தம் மைத்துனனுக்கு ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்றும், எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்றும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அடுத்த இதழில் செவிலியர் கல்வி பற்றி எழுதுவேன். இம்மாதக் கட்டுரையைப் பற்றிய ஐயங்களைச் சங்க முகவரிக்கு எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம்.